சட்டத்தைத் தட்டியவன்

மக்கா,

நீ சுகமாயிருப்பாய் என்று தெரியும். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எந்த மாப்பிள்ளையும் சுகமில்லாமல் இருந்ததில்லை. சுகக்கேடெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகையால் விசாரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் கலியாணப் பத்திரிகைக்கு எழுதிக்கொடுக்க நாகர்கோவில் அச்சாபீசுக்குப் போயிருந்தேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து, தாத்தா பெயர், பாட்டி பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "தாய்மாமன் பேரு சொல்லும் ஓய்" என்றார். நான் யோசிக்காமல் "சட்டி" என்றேன்.

"சட்டியா? இது என்ன வேய், கலியாணப் பத்திரிகையா, பாத்திரக்கடை நோட்டீசா?" என்றார் அவர். எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, சரியான பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. உன் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. என் பட்டறையில் ஒன்பது வருஷம் என்னோடு கரிப்புகை குடித்தவன். அவன் பெயர் என் நாக்கில் இல்லை. "நாளைக்கு வந்து சொல்லுகேன்" என்று சொல்லிவிட்டு, திருடனைப்போல இறங்கி பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கிடக்கிறது. செங்கோட்டைக்குப் போய் மாமாவை அழைத்தாயாம். வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். "வண்டியைத் தானே ஒடித்துப் போட்டுவிட்டு ஆறு வருஷமாக நம்மிடம் வீம்பு பிடிக்கிறவரை எதற்குக் கெஞ்ச வேண்டும்? பத்திரிகையில் அவர் பெயரை எடுத்துவிடுங்கள். அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறாரே, அவர் என் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போகட்டும்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல கையெழுத்து. வாத்தியார் வேலைக்குப் போன பிறகு உன் எழுத்து திருந்திவிட்டது. எழுதியிருக்கிற விஷயம்தான் பொய். அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், உன் அப்பன் வாயைத் திறந்தால் செத்த வீட்டிலும் சிரிப்பு வரும் என்று. உண்மையாகவே ஒரு செத்த வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறேன்; அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் எனக்கு வெற்றிலை நீட்டுவதில்லை. நீ பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் மறந்து, கிரீடத்தோடு வாயைப் பிளந்து நின்றாயே, அதைக் கொட்டாரம் சந்தி டீக்கடையில் மூன்று வருஷம் நடித்துக் காட்டியிருக்கிறேன். நீ டீக்கடை வழியை விட்டுவிட்டு வயல் வரப்பில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாய். அதையும் விடவில்லை, "ராஜா நகர்வலம் போறாரு" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கினேன். அப்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தான், அவன் அழுகான். நிறுத்துங்க" என்று சொன்னவன் உன் மாமா. உனக்கு இது தெரியாது. அவன் செய்தது எதுவும் உனக்குத் தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

இனி அந்த ஜீப்பின் கதை. யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஏலத்தில் விட்ட ஜீப்புகளில் ஒன்று கைமாறிக் கைமாறி அருமனை முதலாளியிடம் வந்து சேர்ந்தது. ரப்பர் தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர் ஷீட்டு, மரச்சீனிக் கிழங்கு, மாமியார் எல்லாவற்றையும் அதிலேதான் ஏற்றுவார். முந்தி வைத்திருந்தவன் அதை உப்பளத்தில் ஓட்டியிருக்கிறான். எஞ்சின் சிங்கம்போல உறுமும். அடிச்சட்டம் விரலால் குத்தினால் பப்படம்போல நொறுங்கும். சட்டம் என்பது ஏணி மாதிரி, நீயும் பார்த்திருப்பாய்: நீளத்துக்கு இரண்டு பக்கச் சட்டம், குறுக்கே நாலைந்து கட்டை. வண்டியின் எலும்பு அதுதான். இந்த ஜீப்பில் பின்பக்கக் குறுக்குக் கட்டை முழுவதும் போய்விட்டது. வலது பக்கச் சட்டமும் கடைசி ஒரு முழம் துருவாகவே நின்றது. புதுச் சாமான் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குக் கடிதம் போட வேண்டும். அது வருவதற்குள் முதலாளியின் ரப்பர் மரமெல்லாம் பால் வற்றிவிடும். "நானே செய்து தருகேன் முதலாளி" என்றேன். குமரிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் கேஸ் வெல்டிங் என்றால் அப்போது நான் ஒருவன்தான். வெல்டிங்குக்குப் போடும் நீலக் கண்ணாடியைக் கழற்றாமல் சந்தி வரைக்கும் நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருவேன். வீட்டிலும் சில நாள் அதே கோலம்தான். "கண்ணாடியைக் கழத்தீட்டு சோறு தின்னுங்க. மீனு எது முள்ளு எது எண்ணு தெரியாது" என்பாள் உன் அம்மா.

குறுக்குக் கட்டையை உன் மாமா செய்தான். செத்துப்போன ஒரு லாரியிலிருந்து தகடு வெட்டி, கரியில் பழுக்கக் காய்ச்சி, இரும்பு அச்சின்மேல் வைத்து அடித்து மடித்தான். மூன்று நாள். பழைய கட்டை துருவாய் உதிர்வதற்கு முன்பே அட்டையில் ஓட்டை ஓட்டையாக அளவெடுத்து வைத்திருந்தான். புதுக் கட்டையைத் தூக்கி வைத்தால் ஒரு ஓட்டைகூடப் பிசகவில்லை. ரிவிட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஓட்டையில் விட்டு, ஆறுவதற்குள் தலை அடிக்க வேண்டும். அவன் அடித்த ரிவிட்டின் தலை ஒவ்வொன்றும் பொன்வண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அது வரைக்கும் சண்டையில்லை. பக்கச் சட்டத்தில்தான் சண்டை வந்தது. அழுகின ஒரு முழத்தை வெட்டியெறிந்துவிட்டுப் புதுத்துண்டை ஒட்ட வேண்டும். நான் குறுக்கே நேராக ஒரு வெட்டு வெட்டி, நேராகப் பற்றவைத்துவிடுவோம் என்றேன்.

"நேரா வெட்டாண்டாம் அத்தான்," என்றான். "சாய்ச்சு வெட்டுவோம். கடப்புறத்துல வள்ளத்துப் பலகை சேக்கது கண்டிருக்கேளா? ஒருத்தனும் நேரா சேக்க மாட்டான். சாய்ச்சு வெட்டி, உள்ள ஒரு பட்டை வச்சு, ரிவிட் அடிப்போம். சட்டம் கொஞ்சம் அசையணும்லா? வளஞ்சு குடுக்காட்டா அந்த வெட்டுலயே ஒடிஞ்சிரும்லா?"

"வளஞ்சு குடுக்கதுக்கு இது ஜீப்பா மூங்கிலாடே? ஒன் வள்ளத்தைக் கடல்ல வுடு. இது தரையில ஓடுகது" என்றேன். நேராக வெட்டினேன், நேராகப் பற்றவைத்தேன். மீன் செதிள் அடுக்கினாற்போல ஒட்டு அழகாக விழுந்தது. இன்றைக்கும் சொல்லுகிறேன், நான் போட்ட ஒட்டுகளில் அவ்வளவு அழகான ஒட்டு வேறு இல்லை. நீ கணக்குப் பாடம் நடத்துகிறவன். தப்பான கணக்கை முத்துமுத்தாக எழுதிவைத்த பையனை நீ பார்த்திருப்பாய்; அது உன் அப்பன்.

கறுப்புப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் உன் மாமா ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டு வந்தான். ணங், ணங், ணங் என்று வந்தது. என் ஒட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் டொக் என்றது. மறுபடியும் தட்டினான். டொக். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அத்தான், சத்தம் செரியில்ல. கீறல் வுழுந்த பானை மாதிரி கேக்கு" என்றான். எனக்கும் கேட்டது மக்கா. அவன் காதைவிட என் காது மட்டமில்லை. உள்ளே எங்கோ கீறல் விட்டிருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் ஒட்டை அறுத்து மறுபடி சாய்த்து வெட்ட வேண்டுமென்றால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அன்று சாயங்காலம் அருமனை முதலாளி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "வண்டி எந்தாயி மேஸ்திரி, வேலை முடிஞ்சா?" என்று கேட்டார். கடை நிறைய ஆள். உன் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் நீலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னேன்: "வண்டி கொள்ளாம் முதலாளி, ஒரு கொறையும் இல்ல. எனக்க மச்சினன்தான் சந்தையில சட்டி வாங்க வந்த பொம்பிள மாதிரி தட்டித் தட்டிப் பாக்கான். வெல படிஞ்சா அதுல மீன் புளிமுளம் வச்சிருவான்."

கடை அதிர்ந்தது. முதலாளிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. சட்டத்தைத் தட்டினவன் அந்த நிமிஷத்திலிருந்து சட்டி ஆனான். தட்டிக்கும் சட்டிக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். மறுநாள் பால்காரன் "சட்டி மேஸ்திரி உண்டுமா?" என்று கேட்டான். ஒரு வாரத்தில் பஸ் கண்டக்டர்கள் கூப்பிட்டார்கள். விடுமுறைக்குக் காலேஜிலிருந்து வந்த நீயும் "சட்டி மாமா" என்றாய். நீ சொன்னபோது அவன் முகத்தை நான் பார்த்தேன். ஊர் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தவன், நீ சொன்னபோது சிரிக்கவில்லை.

வண்டியை அருமனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளில் முதலாளியின் டிரைவர் வந்தான். உன் மாமா அவனை ஏற விடவில்லை. "இந்தச் சத்தத்தோட பிள்ளகுட்டிக்காரனை ஓட்டச் சொல்ல முடியாது. நான் ஓட்டுகேன்" என்றான். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பயமில்லை என்று காட்டத்தான். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன், அவன் கேட்டுக்கொண்டு வந்தான். என்னை அல்ல, வண்டியை. சிதறால் தாண்டி ஓர் இறக்கத்தில் பின்பக்கம் ஏதோ உட்கார்ந்ததுபோல இருந்தது. அடுத்த நிமிஷம் நான் ஒரு மரச்சீனி விளைக்குள் மல்லாந்து கிடந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நீலக் கண்ணாடிகூட உடையவில்லை. வண்டி சாய்ந்து கிடந்தது. உன் மாமாவின் வலது கை அதற்கும் பாறைக்கும் நடுவில் இருந்தது. ரப்பர் பால் எடுக்கிறவர்கள் ஓடிவந்து, வண்டியை நெம்பித் தூக்கி, அவனை ஒரு மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "நீங்களும் வாருங்க" என்றார்கள். "வண்டியைப் பாத்துக்க ஆள் வேண்டாமா?" என்று சொல்லி நின்றுவிட்டேன்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் போன பிறகு குனிந்து பார்த்தேன். என் அழகான ஒட்டு, கத்தியால் வெட்டினாற்போல, நேராக ஒடிந்திருந்தது. அவன் அடித்த ரிவிட் ஒன்றுகூட அசையவில்லை. முதலாளி வருவார், ஊர் வரும், சந்தியில் நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு ஊரைச் சிரிக்க வைக்கத் தெரியும் மக்கா. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தால் தாங்கத் தெரியாது. சாமான் பெட்டி வண்டியிலேயே இருந்தது. உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். உடைந்த பக்கத்தில் அவன் அடித்த ரிவிட்டில் இரண்டின் தலையை வெட்டினேன். லேசில் போகவில்லை. அவன் வேலை அப்படி. வேர்த்துக் கொட்ட, வழியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். வெட்டின தலைகளை மடியில் கட்டிக்கொண்டேன். முதலாளி வந்ததும், முதலில் ரிவிட் தெறித்தது, அதனால் பாரம் முழுவதும் ஒட்டின்மேல் வந்து அதுவும் விட்டுவிட்டது என்று காட்டினேன். "ரிவிட்டு ஆரு அடிச்சது?" என்றார். அங்கே ஒரு கூட்டமே நின்றது. மச்சினனின் ரத்தம் அந்தப் பாறையில் காயவில்லை. நான் சொன்னேன்: "தட்டித் தட்டிப் பாத்த சட்டி முதலாளி. ஒடஞ்சு போச்சு."

சிரித்தார்கள்.

அவன் பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். வலது கையில் மூன்று விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்; சுத்தியல் பிடிக்கிற கை. ஊரில் என்ன பேச்சு என்பது வழியிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒடிந்த வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த அந்தக் குறுக்குக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலைபோன ரிவிட் இரண்டையும் இடதுகை விரலால் தடவிப் பார்த்தான். தெறித்த ரிவிட் எப்படி இருக்கும், வெட்டின ரிவிட் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் தயாராக ஒரு பொய்யும் அதற்குத் துணையாக ஒரு தமாசும் வைத்திருந்தேன். உன் அம்மா அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வாசலில் நின்றாள். அவன் எழுந்து, என்னைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல், "அத்தான், உளி மழுங்கியிருக்கு. சாணை புடியுங்க" என்றான். கஞ்சி குடிக்காமல் போனான். அவ்வளவுதான். இந்த ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். ஊரில் யாரிடமும் அதைக்கூடச் சொல்லவில்லை.

வாசலில் நின்று அதைக் கேட்ட நாளிலிருந்து உன் அம்மா என் தமாசுக்குச் சிரித்ததில்லை. ரொம்ப நாள் அது அவளுடைய வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். கஷாயம்கூட வாங்கிக் கொடுத்தேன். அவள் அதையும் குடித்தாள். தம்பிக்காகப் பேசினால் பிள்ளைகளின் அப்பன் பெயர் கெடும் என்று பேசாமலிருந்தாள். நீயும் உன் தங்கையும் அவனைப் பற்றிக் கேலி பேசும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், கவனித்திருக்கிறாயா? நான் கவனித்திருக்கிறேன்.

செங்கோட்டை ஸ்டேஷனில் அவன் ரயில் சக்கரங்களை ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிற வேலை பார்க்கிறான், இன்னும் சட்டி தட்டுகிறான் என்று கேலியாக எழுதியிருக்கிறாயே, அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்க முடியாத கைக்குத் தட்டுகிற வேலை. அவன் "சத்தம் செரியில்ல" என்று சொன்னால் அங்கே ரயிலை நிறுத்திவிடுவார்களாம். இங்கே ஒரு ஜீப்பை நிறுத்த முடியவில்லை அவனால்.

கலியாணம் செய்யப்போகிற மகனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெண் என்றைக்காவது உன்னிடம், இது சரியில்லை, எனக்கு வேறு மாதிரி கேட்கிறது என்று சொன்னால், தமாசு பண்ணாதே. நீ என் மகன். உனக்கும் வாய் இருக்கிறது, உன் கடிதத்திலேயே பார்த்தேன். நாலு பேரை வைத்துக்கொண்டு அவளைச் சிரிப்பாக்கிவிட உனக்கு அரை நிமிஷம் போதும். பிறகு அவள் சொன்னது சரியாகவே இருந்தாலும் அதைச் சரி என்று ஒப்புக்கொள்ள உன்னால் முடியாது. உளியைத் தேட வேண்டிவரும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. இரண்டு ரிவிட் தலைகள். மூக்குப்பொடி டப்பாவில் ஆறு வருஷமாக வைத்திருந்தேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால் தெரியாது. செங்கோட்டைக்கு மறுபடியும் போ. அவன் கையில் இதைக் கொடு. அப்பா கொடுத்தார் என்று மட்டும் சொல்லு. சமாதானம் ஒன்றும் பேசாதே, மன்னிப்பும் என் சார்பில் கேட்காதே. சட்டி மாமா என்று கூப்பிட்டதற்கு உன் மன்னிப்பை நீ கேட்டுக்கொள். அவன் வந்தால், உன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போகிறவன் அவன்தான். அந்தக் கையில் பிடி இருக்காது. நீ இறுக்கிப் பிடித்துக்கொள். அவன் வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேறு யாரும் வேண்டாம், தனியாக நட. நான் அங்கே இருப்பது அவனுக்குப் பொறுக்காதென்றால் நான் அன்றைக்குப் பட்டறையில் இருந்துகொள்ளுகிறேன். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வண்டியோடு நின்றவன்தானே நான்.

இன்னும் ஒன்று. நீ ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவா. சந்தி டீக்கடையில், ஆள் நிறைய இருக்கும்போது, உரக்கப் படி. நீ மேடையில் நின்று மறந்துபோனவன்தான். இதை மறக்க வேண்டியதில்லை, கையில் எழுத்து இருக்கிறது. பாதிவரை சிரிப்பார்கள். நிறுத்தாதே. நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன்னிடம் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "எழுதுங்க. தமாசு எழுதாண்டாம்" என்றாள். முயன்றுதான் பார்த்தேன். அங்கங்கே வந்துவிட்டது.

நேற்று மறுபடியும் அச்சாபீசுக்குப் போனேன். அவன் பெயரை உன் அம்மாவிடம் கேட்டு, அவள் கையாலேயே துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். ஆறுமுகப்பெருமாள். அச்சாபீஸ்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "பக்கத்துல அடைப்புக்குள்ள சட்டி எண்ணு போடணுமா ஓய்? அப்பத்தானே ஊருக்கு ஆளு தெரியும்?" என்றார். எழுத்துக் கோக்கிற இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், நான் ஏதோ சொல்லப்போகிறேன், சிரிக்கலாம் என்று. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் துண்டுக் காகிதத்தில் உன் அம்மா எழுதியிருந்த பெயரை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

அப்பா